ஆக்ட் என்றாலே சட்டமா?

ஜெர்மன் சட்ட அறிஞர் ஓட்டோ மாயரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. அதனால் யார் எழுதினாலும் தேடிப் படிப்பேன். போன வாரம் படித்த கட்டுரை ஒன்று, மாயர் ஜெர்மன் நிர்வாகச் சட்டத்தின் தந்தை என்று தொடங்கியது. சரிதான். அடுத்த பத்தியில், ‘நிர்வாகச் சட்டம்’ என்ற கருத்தை அவர் நிர்வாகச் சட்டத்தின் மையத்தில் வைத்தார் என்று வந்தது. பானைக்குள் அதே பானையை வைத்த கதை! இந்தக் குழப்பத்தைப் பார்ப்பது எனக்கு இது முதல் தடவையும் இல்லை.

ஜெர்மனில் இவை இரண்டு சொற்கள். அரசு நிர்வாகத்தை நெறிப்படுத்தும் சட்டத் துறையின் பெயர் ஃபெர்வால்டுங்ஸ்ரெஹ்ட். அதை நிர்வாகச் சட்டம் என்பதில் எனக்கு வழக்கில்லை. மையத்தில் மாயர் வைத்தது ஃபெர்வால்டுங்ஸ்ஆக்ட். ஃபெர்வால்டுங் என்றால் நிர்வாகம்; அதற்குள் இருக்கும் வால்டன் என்ற வினைக்கு ஆளுதல் என்று பொருள். ஆக்ட் லத்தீனிலிருந்து வந்தது: செய்தது, செயல். நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு ஜெர்மன்காரர்கள் கெசெட்ஸ் என்பார்கள், ஆக்ட் என்று சொல்லவே மாட்டார்கள். சட்டத்தையும் செயலையும் ஒரே சொல்லில் அடக்குவது ஆங்கிலம். நம்மவர்கள் ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மனிக்குப் போகிறார்கள், ‘ரெண்ட் ஆக்ட்’ (வாடகைச் சட்டம்) நினைவோடு திரும்பி வருகிறார்கள்.

மாயருக்கே இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து கிடைத்தது. 1846இல் பவேரியாவின் ஃபூர்த் நகரில் பிறந்தவர், அல்சாஸ் பகுதியிலுள்ள முல்ஹவுஸில் வழக்கறிஞராக இருந்தார். 1871இல் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்கு மாறினாலும் பிரெஞ்சுச் சட்டங்கள் பல அங்கே தொடர்ந்து நடப்பில் இருந்தன. பிறகு ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1886இல் பிரெஞ்சு நிர்வாகச் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1895-96இல் ஜெர்மன் நிர்வாகச் சட்டத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். 1903இல் லைப்சிக் போனார். (எடுவார்ட் டுப்ரே என்ற புனைபெயரில் கதையும் எழுதியவர். அவர் பெயரை ‘மேயர்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாநகராட்சியோடு அவருக்குத் தொடர்பில்லை.)

இனி சொல்லுக்கு வருவோம். ‘சட்டம்’ தவறு என்று ஒப்புக்கொள்பவர்கள் உடனே நீட்டுவது ‘நிர்வாகச் செயல்’. அகராதிப்படி இதில் குறை காண முடியாது. ஆனால் மாயர் தந்த வரையறையைப் பாருங்கள்: ஒரு தனி நேர்வில், குடிமகனுக்கு எது சட்டப்படியானது என்று அறுதியிட்டுச் சொல்லும், நிர்வாகத்தின் அதிகார உரைப்பு. அவர் கையாண்ட சொல் ஆவுஸ்ஷ்ப்ருஹ், அதாவது வாயால் சொல்லி முடிப்பது. நீதிமன்றத் தீர்ப்பை மனத்தில் வைத்துத்தான் இதை வார்த்தார். செயல் என்றால் நகராட்சி லாரி குப்பை அள்ளுவதும் செயல், சாலைக்குத் தார் ஊற்றுவதும் செயல், குமாஸ்தா கோப்பைத் தூசி தட்டுவதும் செயல். ஜெர்மன் சட்டத்தில் இப்படி வெறும் செயலாக நிற்பவற்றுக்கு ரேயால்ஆக்ட் என்று தனிப்பெயரே இருக்கிறது. நிர்வாகச் செயல் என்று மொழிபெயர்த்தவர் ரேயால்ஆக்ட் வரும்போது என்ன செய்வார்? ‘உண்மையான நிர்வாகச் செயல்’ என்பாரோ? அப்படியானால் முதலாவது பொய்ச் செயலா?

இது வெறும் சொல் தகராறு இல்லை. ஜெர்மனியில் ஒருவருக்கு வீடு கட்ட அனுமதி மறுத்து ஒரு கடிதம் வருகிறது. அது ஃபெர்வால்டுங்ஸ்ஆக்ட் என்றால், பொதுவாக அது கைக்கு வந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கெடு தாண்டினால், சட்டப்படி பிழையான முடிவுகூடப் பெரும்பாலும் அப்படியே உறுதியாகிவிடும். லாரி குப்பை அள்ளியதற்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

என் சொல் ‘நிர்வாக ஆணை’. புதிதாக ஒன்றும் நான் அடிக்கவில்லை. நம் அலுவலகங்களில் நியமன ஆணை, இடமாறுதல் ஆணை, பணிநீக்க ஆணை, பட்டா மாறுதல் ஆணை என்று ஏற்கெனவே புழங்குவதுதான். அனுமதி கொடுத்தாலும் ஆணை, மறுத்தாலும் ஆணை. 1976இல் ஜெர்மனி இயற்றிய நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு எவற்றையெல்லாம் இந்தப் பெயருக்குள் கொண்டு வருகிறதோ, ஏறக்குறைய அவை எல்லாவற்றுக்கும் நம் தாசில்தார் அலுவலகத்தில் ஆணை என்றுதான் பெயர். தவிர, ஆணை சொல்லப்படுவது. ‘ஆணையிட்டுச் சொல்கிறேன்’ என்போம்.

அரசாணையோடு குழம்பாதா என்பார்கள். கொஞ்சம் குழம்பும். அரசாணை ஊருக்கெல்லாம் பொதுவாகவும் வரலாம். இது தனி நேர்வுக்கானது. முதல் முறை எழுதும்போது அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போயிற்று.

தூய தமிழ் நண்பர் ஒருவர் இன்னும் விடவில்லை. ‘நிர்வாகம் வடசொல், ஆட்சி என்று வை. வால்டன் என்றாலும் ஆளுதல்தானே’ என்கிறார். வேர் பொருந்துவது உண்மைதான். ஆனால் 1924இல், தம் நூலின் மூன்றாம் பதிப்புக்கான முன்னுரையில் மாயர் எழுதிய புகழ்பெற்ற வரியை அந்தச் சொல்லால் சொல்லிப் பாருங்கள். மன்னராட்சி போய் வைமார் குடியரசு வந்திருந்த காலம். அரசமைப்புச் சட்டம் மறைகிறது, நிர்வாகச் சட்டம் நிலைக்கிறது என்றார் அவர். நண்பரின் தமிழில் அது ‘ஆட்சி மாறினாலும் ஆட்சிச் சட்டம் மாறாது’ என்று ஆகும். தேர்தல் மேடைக்கு வேண்டுமானால் உதவும்.

அப்புறம் இன்னொன்று. ஜெர்மனியில் போக்குவரத்துப் பலகையும் ஃபெர்வால்டுங்ஸ்ஆக்ட் கணக்கில்தான் வருகிறது. முதலில் சொன்ன கட்டுரையாளர் அதையும் எழுதியிருந்தார்: ‘சாலையோரப் பலகைகளும் நிர்வாகச் சட்டங்களே.’