அப்பாவின் சைக்கிளுக்கு மூன்று கியர்

"அப்பா ஓட்டிய கறுப்பு சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. ஓட்ட ஆசைதான், ஆனால் ரயில்வே மேம்பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. அதற்குக் கியர் போட முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போடலாம். பல்சக்கர அடுக்கு வெளியே தெரியும் வகை வேண்டாம். பழைய வண்டியின் பின் ஃபோர்க்கில் அதற்கு இடம் போதாது. கியர் மொத்தமும் பின் ஹப்புக்குள்ளேயே, அதாவது பின்சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள்ளேயே, அடங்கும் வகைதான் சரி. அதில் பேர்போனது, இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936-ல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. என்ற மூன்று கியர் ஹப். 2000-ல் நிறுவனம் கைமாறி, உற்பத்தி தைவானுக்குப் போனது. பழைய ஹப்புகளின் மேல், செய்த வருடமும் மாதமும் பொறித்திருக்கும். ரோட்ஸ்டர் எனப்படும் நம் ஊர்க் கறுப்பு சைக்கிளும், இந்த ஹப் மாட்டிய ஆங்கில வண்டியின் வாரிசுதான். அதனால் பழைய செயினே இந்த ஹப்புக்கும் பொருந்தும்.

இனி ஹப்பைத் திறப்போம். நடுவில் அச்சு. நட்டு போட்டு ஃபோர்க்கில் இறுக்கியிருப்பதால் அது சுற்றாது. அச்சின் மேலேயே 20 பல் வெட்டியிருக்கும், இதுதான் சூரியன். அதைச் சுற்றி ஒரு கூண்டில் நான்கு கோள்கள், ஒவ்வொன்றுக்கும் 20 பல். எல்லாவற்றுக்கும் வெளியே, உள்பக்கம் 60 பல் வெட்டிய வளையம். இந்தப் பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். எந்தக் கியருக்கு மாற்றினாலும் ஒரு பல்கூட விலகாது. அப்படியானால் வேகம் எப்படி மாறுகிறது?

தரையில் ஓர் உருளைக்கட்டை, அதன்மேல் ஒரு பலகை. பலகையை இரண்டடி தள்ளினால் கட்டை ஓரடிதான் நகரும். கோளும் அந்தக் கட்டை மாதிரிதான்: அசையாத சூரியன் தரை, வளையம் பலகை. ஆக, வளையம் நகரும் தூரத்தில் பாதிதான் கோளின் மையம் நகரும். ஆனால் அது போகிற வட்டமும் சிறியது. வளையத்தின் ஆரம் 30 என்று வைத்தால், கோளின் மையம் 20 ஆர வட்டத்தில் போகிறது. 30-ல் பாதி 15. 15-ஐ 20-ஆல் வகுத்தால் முக்கால். வளையம் ஒரு சுற்று வந்தால் கூண்டு முக்கால் சுற்று வரும்.

மிதியை வளையத்துக்குக் கொடுத்து கூண்டிலிருந்து எடுத்தால் முக்கால் வேகம்: மேம்பாலத்துக்கான முதல் கியர். கூண்டுக்குக் கொடுத்து வளையத்திலிருந்து எடுத்தால் ஒன்றே கால் தாண்டி 1.33: மூன்றாவது. வளையத்துக்கே கொடுத்து அதிலிருந்தே எடுத்தால் உள்ளது உள்ளபடி: இரண்டாவது. அதே கியர்கள்தான், கொடுக்கும் இடமும் எடுக்கும் இடமும் மட்டும் மாறுகின்றன.

கொடுக்கும் இடத்தை மாற்றுவது கேபிள் இழுக்கும் ஒரு கிளட்ச். எடுக்கும் இடத்தை முடிவு செய்பவை, ஃப்ரீவீலுக்குள் இருப்பது போன்ற சின்னக் கொக்கிகள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வளையத்துக்கும் கொக்கி உண்டு, கூண்டுக்கும் உண்டு. எது வேகமாகச் சுற்றுகிறதோ அது ஹப்பை இழுத்துக்கொண்டு போகும். மெதுவானது வழுக்கிக்கொண்டே டிக் டிக் என்று சத்தம் போடும். வேகமானது எப்போதும் வளையம்தான். முதல் கியரில் மட்டும் கிளட்ச் வளையத்தின் கொக்கிகளை மடக்கிவிடும், கூண்டு பிடித்துக்கொள்ளும், சத்தம் அடங்கிவிடும். முதன்முறை நான் இதைப் பிரித்தபோது அந்தக் கொக்கிகளின் ஸ்பிரிங்குகளைக் கையில் வைத்துப் பார்த்தேன். தலைமுடி மாதிரி இருந்தன.

பொறியியல் கல்லூரிகளில் இந்தக் கணக்கை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். துறைக்கு ஒரு பழைய ஹப் வாங்கி, மாணவர்கள் கையில் கிரீஸ் படப் பிரித்துப் பார்க்கட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு கருத்தரங்கின் சாப்பாட்டுச் செலவுகூட இருக்காது.

சரி, மாட்டும் வேலை. நம் ரோட்ஸ்டர்களின் பின்சக்கரத்தில் பெரும்பாலும் 40 போக்ஸ் கம்பி. எனவே 40 துளை ஹப் தேடுங்கள், கிடைக்காவிட்டால் 36 துளை ஹப்புடன் ரிம்மையும் மாற்றுங்கள். ஹப்பின் விளிம்பு பெரியது என்பதால் பழைய கம்பிகள் நீளமாகிவிடும், புதிது வேண்டும். பின் ஃபோர்க்கின் உள் அகலத்தை முதலிலேயே அளந்துவிடுங்கள். அச்சு உட்காரும் வெட்டு கிடைமட்டமாக இருப்பதால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே செயினை இறுக்கலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று, அச்சு சுழலாமல் பிடிக்கும் நாக்கு வைத்த வாஷர். முதல் கியரில், பின் பல்சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசையைப் போல 1.33 மடங்கு சக்கரத்துக்குப் போகிறது. அந்தக் கூடுதல் பங்கை ஃபோர்க்தான் அச்சு வழியாகத் தாங்குகிறது. வாஷர் இல்லையென்றால் அச்சு பின்பக்கமாகத் திரும்பி நட்டைத் தளர்த்திவிடும். இன்னொன்று, பின் பல்சக்கரம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும் வண்டியில் அதே 18-ஐப் போட்டால் மூன்றாவது கியர் எதிர்காற்றில் உதவாது. 22 பல் போடுங்கள். மூன்று கியரும் பயன்படும்.

கடைசியாகக் கேபிள். இரண்டாவது கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். உள்ளே தெரியும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். ஒருமுறை நான் இதைப் பார்க்காமல் கிளம்பி, பாலத்தின் பாதியில் எழுந்து நின்று மிதித்தேன். பழைய ஏ.டபிள்யூ.வில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதையும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. கிளட்ச் அங்கே போய் நின்றுவிட்டது. பெடல் வெறுமனே சுற்றியதில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. அன்றிலிருந்து ஸ்டாண்டை எடுக்கும் முன் ஜன்னலைப் பார்த்துவிடுகிறேன். அப்புறம் முதல் கியருக்குத் தட்டி, டிக் டிக் அடங்குகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பாலத்தில் ஏறுகிறேன்.