கோடு மறையட்டும், பாறை மறையக் கூடாது

வான்வழிக் காந்த ஆய்வுத் தரவைப் பதப்படுத்தும் இடங்களில் ஒரு பழக்கம் பரவி வருகிறது. பறப்புக்கோடுகளுக்கு இடையே எஞ்சும் சிறு அளவு வேறுபாடுகளை வடிகட்டி நீக்கும் மைக்ரோலெவலிங் சன்னலைத் திறப்பார்கள், மென்பொருள் தானே நிரப்பி வைத்திருக்கும் எண்களைத் தொடாமல் ஓகே அழுத்துவார்கள். வரைபடத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்த கோடுகள் மறைந்ததும் அடுத்த ஆய்வுப் பிளாக்குக்குப் போய்விடுவார்கள். அந்த வரைபடத்தை நம்பித்தான் பின்னால் ஒருவர் துளையிடும் இடத்தைக் குறிக்கப்போகிறார். பட்டையோடு சேர்ந்து வேறென்ன போனது என்று பார்க்காதவரை லெவலிங், அதாவது கோடுகளின் அளவுகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை, முடியவில்லை என்பதே என் உறுதியான கருத்து.

விமானம் இணைகோடுகளில் பறந்து அளக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசிய வான்வழித் திட்டத்தில் கோட்டுக்குக் கோடு 300 மீட்டர், தரைக்கு மேல் 80 மீட்டர் உயரம். இவற்றைச் செங்குத்தாக வெட்டும் டை லைன்கள் பொதுவாகப் பத்து மடங்கு இடைவெளியில் அமையும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளில் ஒன்று காலையில் பறந்ததாகவும் மற்றது நண்பகலில் பறந்ததாகவும் இருக்கலாம். அதற்குள் புவியின் காந்தப்புலமே மாறியிருக்கும்.

தென் தமிழகத்தில் இந்த மாற்றம் கடுமையானது. காந்த நடுக்கோடு நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் எலக்ட்ரோஜெட் என்னும் மின்னோட்டம் பாய்கிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஓட்டம் வடக்கு தெற்காகச் சில பாகை அகலமே உள்ளது. ஆகவே இந்த மாற்றத்தைத் தரையில் இருந்தே பதிவுசெய்யும் பேஸ் ஸ்டேஷனை வசதிக்காக இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வடக்கே வைத்தால், ஆய்வுப் பகுதியின் நண்பகல் ஏற்றம் அங்கே முழுதாகப் பதிவாகாது. மிச்சம் கோட்டிலேயே தங்கிப் பட்டையாகத் தெரியும். இதை மைக்ரோலெவலிங்கில் சரிசெய்து கொள்ளலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பேஸ் ஸ்டேஷனை ஆய்வுப் பகுதிக்குள் வைப்பதுதான் வழி.

அளவு பதிவான நொடிக்கும் இடம் பதிவான நொடிக்கும் உள்ள பிசகைச் சரிசெய்யும் லேக் திருத்தமும் அப்படித்தான். நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் 0.2 நொடி பிசகினால் அளவு 14 மீட்டர் நகர்ந்து விழும். எதிரெதிர்த் திசையில் பறந்த இரு கோடுகளுக்கிடையே அது 28 மீட்டர். வரைபடத்தில் காந்த முரண்பாடுகளின் (சுற்றுப்புறத்திலிருந்து விலகித் தெரியும் இடங்களின்) விளிம்புகள் ரம்பப்பல் போலத் தெரிந்தால் லெவலிங்கை நிறுத்திவிட்டு லேக்கைப் பாருங்கள்.

டை லைன் லெவலிங்கில் மென்பொருள் ஒவ்வொரு சந்திப்பிலும் இரு அளவுகளின் வித்தியாசத்தைக் கணக்கிடும். எல்லாச் சந்திப்பும் நம்பத்தக்கதல்ல. காந்தப்புலம் மீட்டருக்கு 1 நானோடெஸ்லா (புலத்தை அளக்கும் அலகு) வீதம் மாறும் சரிவுள்ள இடத்தில் 5 மீட்டர் இடப்பிழையே 5 நானோடெஸ்லா வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். மலைச்சரிவில் இரண்டு கோடுகளும் வேறு வேறு உயரத்தில் கடந்திருக்கும். காந்தச் சரிவு அதிகமான சந்திப்புகளையும் உயரம் ஒவ்வாதவற்றையும் முதலில் விலக்குங்கள். பிறகு வெறும் மாறிலி அல்லது முதற்படிச் சாய்வோடு தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே உயர்படிப் பல்லுறுப்புக் கோவையைத் தேர்ந்தால் சந்திப்புப் பட்டியல் அழகாகப் பூச்சியத்துக்கு வரும், ஆனால் கோடு நடுவில் வளைந்து, இல்லாத முரண்பாட்டை உண்டாக்கும்.

இதெல்லாம் முடிந்து எஞ்சும் சில நானோடெஸ்லாவுக்குத்தான் மைக்ரோலெவலிங். அளவுகளைச் சதுரக் கட்டங்களாக நிரப்பிய கிரிட்டில் கோட்டுத் திசையில் நீண்டு, குறுக்கே குறுகிய அலைநீளமுள்ளதைப் பிழை என்று அது பிரித்தெடுக்கிறது. அலைநீள எல்லை வழக்கமாகக் கோட்டு இடைவெளியின் நான்கு மடங்கு, அதாவது 300 மீட்டருக்கு 1200. பழைய திட்டத்தின் எண்ணோடு 200 மீட்டர் பிளாக்கை ஓட்டினால் தேவைக்கு மேல் வெட்டிவிடும். எவ்வளவு பெரிய திருத்தம் வரை அனுமதிப்பது என்னும் வீச்சு எல்லையைப் பலர் காலியாகவே விடுகிறார்கள், அதுதான் பாறையைக் காப்பது. பிழைக் கிரிட்டைத் திறந்து, பாறைத் தடயம் இல்லாத அமைதியான பகுதியில் பட்டைகள் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ±2 நானோடெஸ்லா என்றால் எல்லையும் அதை ஒட்டியே இருக்கட்டும். அதைத் தாண்டுவதை எல்லை அளவில் வெட்டலாம், அல்லது அந்த இடத்தில் திருத்தமே வேண்டாம் என்று பூச்சியமாக்கலாம். வலுவான டைக்குகள் (பிளவில் புகுந்து உறைந்த பாறைச் சுவர்கள்) உள்ள பகுதிகளில் நான் இரண்டாவதையே தேர்வேன்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வடக்கு நோக்கியிருப்பதால், வடக்கு தெற்காக ஓடும் டைக் மிக மெலிதாகவே தெரியும், அதுவும் துண்டு துண்டாக. கோடுகளும் வடக்கு தெற்காகப் பறந்திருந்தால் அந்த மெல்லிய தடயமும் லெவலிங் பிழையும் ஒன்றுபோலவே இருக்கும். சரி, தொடாமல் விட்டுவிடலாம் என்றால், காந்தத் துருவத்தில் அளந்ததுபோல் தரவை மாற்றும் ‘துருவத்துக்குக் குறைத்தல்’ என்னும் அடுத்த கட்டம் தாழ்ந்த அட்சரேகைகளில் வடக்கு தெற்கான மிச்சப் பிழையைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும்.

ஆகவே நீக்கியதைத் தனி வரைபடமாகப் போட்டு, அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நீக்கிய பட்டை ஒரு பறப்புக்கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்து, அந்தக் கோட்டின் தொடக்கத்தில் தொடங்கி முடிவில் முடிந்தால் அது பிழை. கோட்டைவிட்டுச் சில பாகை விலகி அடுத்த கோட்டுக்குத் தாவினால் அது பாறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், அங்கே திசை வடிகட்டியைக் குறுக்கி மீண்டும் ஓட்டுங்கள். தரவை வாங்குபவர்கள், லெவலிங்குக்கு முந்தைய சேனலையும் (அளவு வரிசையையும்) நீக்கிய கிரிட்டையும் பயன்படுத்திய எண்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேளுங்கள். இறுதிக் கிரிட் மட்டும் கையில் இருந்தால் இந்தச் சோதனை எதையும் உங்களால் செய்ய முடியாது.