டிக்கை எடுத்தால் கிளவுடுக்குப் போகாது என்று யார் சொன்னது?

ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம் வந்துவிட்டால் என் கைத்தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. பேசுபவர் மாறுவார், பேச்சு மாறாது. "தம்பி, அந்த ஃபோல்டர் கிளவுடுக்குப் போக வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது ஃபோல்டரையே காணோம்." அல்லது இதைவிட ஆபத்தாக, "டிக்கை எடுத்தாச்சு, இனிக் கவலை இல்லை, இல்லையா?"

கவலை இருக்கிறது. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற கிளவுட் சேவைகளை, அதாவது நம் ஃபைல்களை இணையத்தில் வைத்து நம் எல்லாக் கணினிகளிலும் காட்டும் சேவைகளைப் பற்றித்தான் பேசுகிறேன். இதை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டியுள்ள சிறு கடைகள், துணைப்பாட நிலையங்கள், இரண்டு மூன்று லாரிகளை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். தனியாக ஐடி ஆள் வைத்துக்கொள்ள முடியாத இடங்கள் இவை. முதலாளி அல்லது கணக்கு எழுதும் பெண், இருவரில் ஒருவர்தான் செட்டிங்ஸுக்குள் போய் எதையாவது மாற்றுவார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் திரையில் உள்ள வாசகமே ஆளைத் தடுமாற வைக்கும்.

என்னை எழுத வைத்த சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு துணைப்பாட நிலையம். பிள்ளைகளைச் சேர்க்கும்போது வாங்கிய படிவங்கள், பிறப்புச் சான்றிதழ் நகல்கள், பெற்றோரின் அடையாள அட்டை நகல்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில். இப்படிப்பட்ட ஆவணங்கள் கிளவுடில் கிடக்கக்கூடாது என்று யாரோ அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். சரியான அறிவுரை. அவரும் செட்டிங்ஸுக்குப் போய், வரிசையாக டிக் போட்டிருந்த ஃபோல்டர் பட்டியலில் இந்த ஒன்றுக்கு மட்டும் டிக்கை எடுத்திருக்கிறார். நிலையத்துக் கணினியிலிருந்து ஃபோல்டர் மறைந்தது. வீட்டுக் கணினியில் இருந்தது. ஆக, கிளவுடிலிருந்து போய்விட்டது, வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டார்.

பல மாதங்கள் கழித்து, முன்பு அங்கே பகுதிநேரமாகப் பாடம் எடுத்த ஓர் ஆசிரியை அவரை அழைத்தார். "அக்கா, பிள்ளைகளோட பர்த் சர்ட்டிஃபிகேட் எல்லாம் இன்னும் என் லேப்டாப்ல வந்து நிக்குதே, பார்த்தீங்களா?" நல்ல பெண், கூப்பிட்டுச் சொன்னார். சொல்லாமல் இருக்கும் ஆள்களும் உண்டு.

இப்போது அந்த டிக்குக்கு வருவோம். ஒன்டிரைவில் ‘சூஸ் ஃபோல்டர்ஸ்’, டிராப்பாக்ஸில் ‘செலக்டிவ் சிங்க்’. இரண்டும் கேட்பது ஒரே கேள்விதான்: கிளவுடில் ஏற்கெனவே இருக்கும் இந்த ஃபோல்டர், இந்தக் கணினியில் தெரிய வேண்டுமா? ‘இந்தக் கணினியில்’ என்பதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். டிக்கை எடுத்தால் இந்தக் கணினியில் உள்ள நகல் போகும். கிளவுடில் உள்ளது அசையாது. உங்கள் வீட்டுக் கணினியில் உள்ளது அசையாது. கைத்தொலைபேசிச் செயலியில் தெரிவது அசையாது. நீங்கள் யார் யாருடன் பகிர்ந்தீர்களோ அவர்கள் பார்ப்பதும் அசையாது. எங்கே வைத்துக்கொள்ள நினைத்தீர்களோ அங்கே இருக்காது. எங்கே இருக்கவே கூடாது என்று நினைத்தீர்களோ அங்கே இருக்கும். நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்!

இந்த வசதி எதற்காக வந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். அலுவலகத்துக் கிளவுடில் 500 ஜிபி இருக்கிறது, உங்கள் மடிக்கணினியில் இருப்பதோ 256 ஜிபி. அத்தனையையும் இறக்க இடமில்லை. அதனால் எனக்கு வேண்டியதை மட்டும் இங்கே கொண்டுவா என்று சொல்வதற்கு இந்தப் பட்டியல். இது கணினியில் இடத்தை மிச்சப்படுத்துவதற்கான ஏற்பாடு. ரகசியத்தைக் காப்பதற்கு இதில் எதுவும் இல்லை. தம்பி, அண்ணே, அக்கா என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், ஆனாலும் அடுத்த முறை ‘டிக்கை எடுத்துட்டேனே’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

டிக்கை எடுத்ததும் ஃபோல்டரைக் காணோம் என்று பதறி, அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கி, தம்ப் டிரைவிலிருந்து ஃபைல்களைக் கொட்டுபவர்களும் உண்டு. டிராப்பாக்ஸில் அப்படிச் செய்தால் புதிய ஃபோல்டரின் பெயரோடு ‘செலக்டிவ் சிங்க் கான்ஃப்ளிக்ட்’ என்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எது பழையது, எது புதியது என்று பிரிக்க ஒரு நாள் வேண்டும்.

இதே தவறான நம்பிக்கையின் இன்னொரு முகம் இதைவிடக் கொடியது. இலவசக் கணக்கில் இடம் கொஞ்சம்தான்: ஒன்டிரைவில் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி, கூகல் டிரைவில் 15 ஜிபி, அதையும் ஜிமெயிலும் புகைப்படங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும், ‘கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே’ என்று இணையத்தில் போய்ப் பெரிய ஃபோல்டராகப் பார்த்து அழிக்கிறார்கள். ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் அப்படித்தான் பழைய இன்வாய்ஸ்கள் அத்தனையும் போயின. கிளவுடில் அழித்தால் கணினியிலும் அழியும். ஒரு பக்கம் நடப்பது மறுபக்கமும் நடப்பதற்காகத்தான் இந்தச் சேவையே. அவர்களுக்கு அது தெரிந்தது, உள்நாட்டு வருவாய் ஆணையத்திலிருந்து பழைய இன்வாய்ஸ் கேட்டுக் கடிதம் வந்த பிறகுதான். வணிகப் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் கிடந்த பிடிஎஃப்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தோம். எல்லாம் கிடைக்கவில்லை.

இடம் வேண்டுமென்றால், எந்த இடம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கணினியில் இடம் வேண்டுமா? ஒன்டிரைவில் ஃபோல்டர்மேல் வலது சொடுக்கி ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். பெயர் அங்கேயே இருக்கும், பக்கத்தில் நீல மேகக் குறி வரும், திறக்கும்போது இறங்கும். கிளவுடில் இடம் வேண்டுமா? அப்படியென்றால் ஃபைலை முதலில் சிங்க் ஆகாத, அதாவது கிளவுடோடு சேர்ந்து மாறாத, வேறோர் இடத்துக்கு நகலெடுத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். டெலீட் பொத்தானை எந்தத் திரையிலிருந்து அழுத்தினாலும் அது எல்லாத் திரைக்கும் சேர்த்துத்தான்.

சரி, உண்மையாகவே ஒரு ஃபோல்டர் கிளவுடுக்குப் போகாமல் இருக்க என்ன வழி? ஒன்டிரைவைப் பொறுத்தவரை ஒரே நேரான வழி, அதை ஒன்டிரைவ் ஃபோல்டருக்கு வெளியே வைப்பது. டிராப்பாக்ஸில் மட்டும், ஃபோல்டர் கணினியில் இருக்கட்டும், கிளவுடில் வேண்டாம் என்று குறிக்க ஒரு வழி உண்டு. ஆனால் அது அந்த டிக் பட்டியல் அல்ல. கட்டளை தட்டிச் செய்யும் வேலை. விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள்.

வெளியே வைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது நிஜமாகவே வெளியேதான் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதுக் கணினி வாங்கி முதல் நாள் எல்லாவற்றுக்கும் ‘நெக்ஸ்ட்’ ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருப்பீர்கள். அப்போதே உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் ஒன்டிரைவுக்குள் குடிபோயிருக்கலாம். ஃபோல்டரைத் திறந்து மேலே உள்ள முகவரிப் பட்டையைச் சொடுக்குங்கள். முழு முகவரியில் ஒன்டிரைவ் என்ற பெயர் நடுவில் வந்தால் அது கிளவுடில் இருக்கிறது, முடிந்தது பேச்சு. பெயர் டெஸ்க்டாப்பாக இருந்தால் என்ன, வேறு எதுவாக இருந்தால் என்ன. அதை நிறுத்த செட்டிங்ஸில் ‘மேனேஜ் பேக்கப்’ என்று இருக்கும். நிறுத்தும்போது வரும் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிட்டு டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரியும் நிலை வரலாம். அவை அழிந்துவிடவில்லை, பதறாதீர்கள்.

வெளியே எடுக்கும்போது வெட்டி ஒட்டாதீர்கள். நகலெடுங்கள். நகலெடுத்த இடத்தில் நான்கைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். அதன்பிறகு ஒன்டிரைவில் உள்ளதை அழியுங்கள். அடையாள அட்டை போன்றவை என்றால் இணையத்தில் நுழைந்து அங்குள்ள குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். பகிர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் அங்கே இன்னமும் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

துணைப்பாட நிலையத்து விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஃபோல்டரில் இருந்ததில் பெரும்பகுதி முதலில் வாங்கியிருக்கவே கூடாதது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஆள் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ ஒழிய, அடையாள அட்டை எண்ணையோ நகலையோ நிறுவனங்கள் வாங்கி வைக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் எண்ணும் வேலை அனுமதி அட்டை எண்ணும் இதில் அடங்கும். பாடம் கற்றுக்கொடுக்க அம்மாவின் ஐசி நகல் எதற்கு? கசிவு நடந்து 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டார்கள் என்றால், அது தெரிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். 500 பேர் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெருந்தீங்கு நேரலாம் என்றால் சொல்லியாக வேண்டும். இது 2021 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ளது. சின்ன நிறுவனம் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

ரகசியம் அல்லாத காரணத்துக்காகவும் சில ஃபோல்டர்களை கிளவுடுக்கு வெளியே வைக்க வேண்டும். முதல் இடம் டேலி போன்ற கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டருக்கு. நம் ஆள்கள் அதைத்தான் முதலில் கிளவுடுக்குள் தள்ளுகிறார்கள்! நீங்கள் ஒரு வவுச்சரைப் போட்டு சேமிக்கும்போது பின்னால் பல ஃபைல்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. கிளவுட் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டில் இன்னொருவர் அதே கம்பெனியைத் திறந்தால், பாதி புதிது, பாதி பழையது. பிறகு ஃபைல் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயர் ஒட்டிய இரட்டை நகல்கள் முளைக்கும். அப்படி ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்க்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். எந்தக் கணக்கு சரி என்று அதன் உரிமையாளராலேயே சொல்ல முடியாது. டேட்டா ஃபோல்டர் வெளியே இருக்கட்டும். மாலையில் மென்பொருளை மூடும் முன் அதிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை மட்டும் கிளவுட் ஃபோல்டரில் போடுங்கள். அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல்களும் வெளியேதான் இருக்க வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எடிட் செய்து முடிக்காத கோப்புகளை உள்ளே வைத்துவிட்டு ‘நெட் ஸ்லோ’ என்று என்னை அழைக்காதீர்கள்.

வெளியே வைத்துவிட்டால் அதற்கு வேறு நகலே இல்லை என்பது நினைவிருக்கட்டும். கணினி பழுதானால் அதுவும் போகும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, வாரம் ஒரு முறையாவது நகலெடுங்கள். எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022-ல் சிறு நிறுவனங்களையும் மனத்தில் வைத்துக் கொண்டுவந்த ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ முத்திரையில் பேக்கப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முத்திரை வாங்குகிறீர்களோ இல்லையோ, அதில் கேட்கப்படும் கேள்விகளை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

இதைப் படிக்கும்போது யாருக்காவது, ‘நானும் போன மாதம் எதையோ அழித்தேனே’ என்று உறுத்தினால், தயவுசெய்து நாளைக்குத் தள்ளாதீர்கள். இணையத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து குப்பைத்தொட்டியைத் திறங்கள். சொந்த ஒன்டிரைவ் கணக்கு, கூகல் டிரைவ், டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு மூன்றிலும் 30 நாள்தான். அலுவலக ஒன்டிரைவ் என்றால் 93 நாள். அதற்குள் என்றால் ‘ரீஸ்டோர்’ அழுத்தினால் இருந்த இடத்துக்கே திரும்பி வரும். தெரியாவிட்டால் எதையும் அழுத்தாமல், திரையைப் படம் எடுத்து, உங்கள் கணினியைப் பார்த்துக்கொள்பவருக்கு அனுப்பிக் கேளுங்கள். இரவு பத்து மணியானாலும் பரவாயில்லை.