புடவையை வாசலுக்குக் கொண்டுபோகும் புத்தி: வண்ணப் படம் பழகும் கல்லூரி மாணவர்களுக்கு

ஜவுளிக்கடைக்குள் பிடித்துப்போன புடவையை, பில் போடும் முன் வாசல்வரை கொண்டுபோய்ப் பார்ப்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெயிலில் வேறு நிறமாக நிற்கும். மேட்சிங் என்று எடுத்த ரவிக்கைத் துணி கடை விளக்கில் ஒட்டிப்போகும், தெருவில் ஒட்டாது. இரண்டு சாயங்களும் ஒளியின் வெவ்வேறு பகுதிகளைத் திருப்பி அனுப்புகின்றன. கடை விளக்கில் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது, வெயிலில் தெரிந்துவிடுகிறது. நிறம் என்பது துணியில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். கல்லூரி ஓவியத் துறையிலோ விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்பிலோ கேமராவைக் கையில் எடுத்ததும் மாணவர்கள் முதலில் மறப்பது இதைத்தான். சாச்சுரேஷன் (நிறச் செறிவு) ஸ்லைடரை வலப்பக்கம் இழுப்பதுதான் வண்ணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் வாரத்துக்கு ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை போதும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமரா அமைப்பான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மதிய வெயில், மர நிழல், வகுப்பறை டியூப்லைட், வீட்டு மஞ்சள் பல்பு, அகல் விளக்கு என ஐந்து இடங்களில் அதே கோப்பையை எடுங்கள். வெயிலில் வெள்ளையாக இருக்கும். நிழலில் நீலம் பாயும், ஏனென்றால் அங்கே வெளிச்சம் தருவது வானம். அது 7000, 8000 கெல்வின். மஞ்சள் பல்பு 2700 அளவு, அகல் சுடர் 1900 அளவு, இரண்டிலும் கோப்பை ஆரஞ்சாகிவிடும். டியூப்லைட்டில் பெரும்பாலும் பச்சை கலந்த ஒரு சோகை நிறம் வரும். இத்தனை வித்தியாசத்தையும் நம் மூளை சரிசெய்து ‘வெள்ளை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்யைக் கண்ணால் பார்ப்பதுதான் பயிற்சி.

இங்கே ஒரு குழப்பம் எல்லா வகுப்பிலும் வரும். மெழுகுவத்தி குறைந்த கெல்வின், அது மஞ்சள். அப்படியானால் கேமராவில் கெல்வினைக் கூட்டினால் படம் ஏன் மஞ்சளாகிறது? அந்த எண் ‘எனக்கு இந்த நிறம் வேண்டும்’ என்கிற கட்டளை அல்ல. ‘இங்கே இருக்கும் ஒளி இது’ என்று நாம் கேமராவுக்குக் கொடுக்கும் தகவல். 8000 என்றால், ‘ஒளி நீலமாக இருக்கிறது’ என்று கேமரா புரிந்துகொண்டு எதிர்ப்பக்கமாக மஞ்சளைச் சேர்க்கிறது. இது ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெள்ளை வேட்டியும் சிவப்புப் பட்டும்

கணினி மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் எடுக்கும் கருவியைப் படத்தில் எதன்மேல் சொடுக்குவது? படத்தில் வெள்ளையாகத் தெரிவது வேட்டி, உடனே அதன்மேல் சொடுக்குகிறார்கள். படம் முழுக்க மஞ்சள் ஏறுகிறது. வெளுத்த வேட்டியில் சொட்டு நீலம் இருக்கிறது. சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டி, வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடுகிறது. ஆகவே வேட்டி நடுநிலை வெள்ளை அல்ல, இளநீலம். மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கப் போய் முகத்தில் மஞ்சள் பூசிவிடுகிறது. பளிச்சென்ற ஏ4 தாளிலும் இதே கதைதான். 18 சதவீத கிரே கார்டு (விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் சாம்பல் அட்டை) ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒளி மாறும்போதெல்லாம் முகத்துக்குப் பக்கத்தில், முகத்தில் விழும் அதே ஒளி விழும்படி பிடித்து ஒரு படம். பிறகு கார்டை எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். கணினியில் அந்தப் படத்தின் சாம்பலில் சொடுக்கி, அதே அமைப்பை மற்ற படங்களுக்கு ஒட்டிவிட்டால் முடிந்தது. திரைகளுக்கான பொது வண்ண அளவுகோலான எஸ்ஆர்ஜிபியில், சரியான எக்ஸ்போஷர் (பதிவாகும் ஒளி அளவு) உள்ள கிரே கார்டு, 0 முதல் 255 வரை போகும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களிலும் 118-ஐ ஒட்டி நிற்கும். மூன்று எண்களும் சமமாக இருந்தால் சாயம் இல்லை. சிவப்பு-பச்சை வேறுபாடு தெளிவாகத் தெரியாத மாணவர்களும் எல்லா வருடமும் இருப்பார்கள், அவர்களில் சிலருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது. அவர்களை வண்ண வகுப்பிலிருந்து விலக்க வேண்டியதில்லை, இந்த எண்களைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் மோசமில்லை, ஆனால் பட்டுப் புடவையிடம் தோற்றுவிடும். சட்டகம் முழுக்கச் சிவப்பு நிரம்பினால், ‘ஒளிதான் சிவப்பாக இருக்கிறது’ என்று முடிவுகட்டி எதிர் நிறத்தைச் சேர்க்கும். அரக்கு வெளிறும், பின்சுவர் நீலமாகும். அடுத்த படத்தில் கொஞ்சம் விலகி எடுத்தால் வேறு நிறம் வரும். பத்துப் படத்துக்குப் பத்து நிறம் என்று ஒப்படைப்பு வருவது இதனால்தான். கெல்வினை ஓர் எண்ணில் நிறுத்திவிட்டால், தவறினாலும் பத்துப் படமும் ஒரே மாதிரி தவறும். ஒரே சொடுக்கில் திருத்திவிடலாம்.

சிவப்புக்கு இன்னொரு தொல்லை உண்டு. குங்குமம், செம்பருத்தி, சிவப்புப் பட்டு இவற்றில் சிவப்புச் சேனல் மட்டும் முதலில் 255-ஐத் தொட்டு மோதி நின்றுவிடும். அதற்குமேல் அங்கே நெசவும் இல்லை, மடிப்பும் இல்லை, பெயின்ட் அடித்த மாதிரி ஒரு தட்டையான திட்டு. கேமராவின் சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பெரும்பாலும் பச்சையையே சார்ந்தது, அதனால் ‘எல்லாம் நலம்’ என்று காட்டும். மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை இயக்கிச் சிவப்புக் கோடு வலச்சுவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). பிக்சர் ஸ்டைலை (கேமராவின் நிறப் பாணி அமைப்பு) ‘நியூட்ரல்’ ஆக்கிவிடுங்கள். ரா (சென்சார் பதிந்த மூலத் தரவு) எடுத்தாலும் அந்த ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்துதான் கணக்கிடப்படுகிறது, ‘விவிட்’ வைத்திருந்தால் பொய் சொல்லும்.

மயில் கழுத்து நிறத்தை ஒரே கோணத்தில் எடுத்துவிட்டு ‘நிறம் வரலை’ என்று வருத்தப்படுவதும் வழக்கம். அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் மேலே தெரியும் நூலும் மாறும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, மடிப்பு விழவிட்டு எடுத்தால் இரண்டும் தெரியும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் இரண்டும் செத்துவிடும், சரிகையும் வெள்ளைக் கம்பியாகிவிடும். சரிகை கண்ணாடி மாதிரி. எதிரே உள்ளதைத்தான் அது காட்டும். எதிரே ஒரு பழுப்பு அட்டையை நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு விளக்கு, ஒரு முகம்

ஜன்னல் ஒரு பக்கம், டியூப்லைட் மறுபக்கம். முகத்தின் பாதி நீலம், பாதி பச்சை. இதை எந்த ஒயிட் பேலன்ஸும் தீர்க்காது, ஏனென்றால் ஒரு படத்துக்கு ஓர் எண்தான் கொடுக்க முடியும். ஒன்றை அணைத்துவிடுங்கள். ஸ்விட்ச் போர்டைத் தேடிப் போவது ஃபோட்டோஷாப்பில் ஒரு மணிநேரம் உட்காருவதைவிட எளிது, ஆனாலும் ஏனோ யாரும் எழுந்து போவதில்லை. அணைக்க முடியாத இடத்தில் எந்த விளக்கு முகத்தில் அதிகம் விழுகிறதோ அதற்கு அமைத்துக்கொள்ளுங்கள், மற்றது பின்னணியில் சாயமாக நிற்கட்டும். சில நேரம் அதுவே அழகு.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மின்னி மங்கும். 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அந்த மின்னலின் ஒரு துண்டுதான் சிக்கும். ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது பச்சையாக, இன்னொன்றில் குறுக்கே பட்டையாக வரும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும்.

எல்இடி வாங்கும்போது பெட்டியில் 6500 கெல்வின் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். சிஆர்ஐ எண்ணைத் தேடுங்கள், அந்த விளக்கில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு அது (முழு அளவு 100). 80 என்பது வீட்டுக்குப் போதும். படம் எடுக்க 90-க்கு மேல், கிடைத்தால் 95. குறைந்த சிஆர்ஐ விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு பற்றாக்குறை. உதடும் தோலும் சாம்பல் பூத்ததுபோல் வரும். விளக்கில் இல்லாத நிறத்தை மென்பொருளால் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது.

மஞ்சள் பல்பில் எடுத்த படத்தில் நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏன் அதிகம் என்று கேட்பார்கள். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான சென்சார்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதில் பாதிக் கட்டங்கள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். 24 மெகாபிக்சல் கேமராவில் நீலத்தைப் பார்ப்பவை 60 லட்சம் மட்டுமே. பல்பு வெளிச்சத்தில் நீலமே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைப் பெருக்கித்தான் வெள்ளையை உண்டாக்குகிறோம், இரைச்சலும் கூடவே பெருகுகிறது. ரா கோப்பு 14 பிட்டில் 16,384 படிநிலைகள் தருகிறது, ஜேபெக் ஒரு சேனலுக்கு 256. இந்த மாதிரித் திருத்தம் வேண்டிய இடத்தில் ஜேபெக் எடுத்தவர்கள் படம் உடைந்துபோவதைப் பார்ப்பார்கள்.

தோல் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கேமராவின் மீட்டர் (ஒளியை அளக்கும் பகுதி) எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கவே முயலும். கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் அதை வெளுக்க வைக்கும், மினுமினுப்பு எரிந்துபோகும். அரை முதல் ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். அந்த முகத்தில் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் வானத்தின் நீலப் பிரதிபலிப்பு தெரிய ஆரம்பிக்கும், கறுப்பின் அழகே அங்கேதான். ஃபிலிம் காலத்தில் கோடாக் லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத் தோல் பெண்களே இருந்தார்கள். பிரிண்ட் நிறத்தை அவர்களை வைத்தே சரிபார்த்தார்கள். இன்று செல்போனின் ‘பியூட்டி’ வசதி அந்த வேலையைச் செய்கிறது. வகுப்புப் பயிற்சிக்கு அதை அணைத்துவிடுங்கள். புரோ மோடில் டிஎன்ஜி (ஒரு வகை ரா கோப்பு) எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வேப்பமரத்தடியில் எடுத்த முகத்தில் இலைப்பச்சை பாயும். கெல்வினை நகர்த்தினால் அது போகாது, டின்ட் (பச்சை-மெஜந்தா) ஸ்லைடரை மெஜந்தா பக்கம் சில புள்ளிகள் தள்ள வேண்டும். கர்வ் போட்டு கான்ட்ராஸ்ட் கூட்டினால் சாச்சுரேஷனும் சேர்ந்து ஏறி முகம் ஆரஞ்சாகும். அந்த ஆரஞ்சை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

திரையிலிருந்து தாளுக்கு

‘சிஸ்டத்துல நல்லா இருந்துச்சு சார், பிரிண்ட் இருட்டா வந்திருக்கு.’ கடைக்காரர்மேல் பழி போடும் முன் மானிட்டர் வெளிச்சத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது முழு அளவில் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் பிரகாசத்தில் படத்தைச் சரிபார்த்தால் நம்மையறியாமல் இருட்டாகவே முடிப்போம். அளவீட்டுக் கருவி துறையில் ஒன்று இருந்தால் 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 கேண்டலா என்று அமைத்து, மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கருவி இல்லையென்றால் திரையில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறையுங்கள். நைட் லைட் வசதி அணைந்திருக்கிறதா? சாயங்காலம் ஆறு மணிக்கு அது தானே விழித்துக்கொண்டு திரையை மஞ்சளாக்கும், அதற்குப் பிறகு திருத்திய படமெல்லாம் நீலமாகப் போய்ச் சேரும். விலை குறைந்த லேப்டாப் திரைகள் பல, எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் 60 சதவீதம் அளவையே காட்டக்கூடியவை. அதில் வெளிறித் தெரிகிறது என்று சாச்சுரேஷனைக் கூட்டாதீர்கள்.

கேமராவில், எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்கள் கொள்ளும் அடோபி ஆர்ஜிபி வைத்து எடுத்து, ப்ரொஃபைல் (எந்த வண்ண அளவுகோல் என்று கோப்பில் இருக்கும் குறிப்பு) இல்லாமல் கடைக்கு அனுப்பினால் நிறம் செத்துத்தான் வரும். பெரிய பெட்டிக்காக எழுதிய எண்களைச் சின்னப் பெட்டியின் கணக்கில் படித்துவிடுகிறார்கள். ஃபோட்டோஷாப்பில் ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ கொடுத்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அதன் பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன் ப்ரொஃபைல்’ வேறு வேலை. அது எண்களை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றும், நிறம் கலைந்துவிடும். 12-க்கு 18 அங்குலப் பிரிண்டுக்கு 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும், 240 பிபிஐயிலும் நன்றாகவே வரும். வாட்ஸாப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

கடையில் ‘கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆபரேட்டர் வழக்கம்போல முகங்களை வெளுக்க வைத்துக் கொடுப்பார், அவர் வாடிக்கையாளர்கள் கேட்பது அதுதான். பெரிய பிரிண்டுக்கு முன்னால் அதே கோப்பில் 4-க்கு 6 ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரிஜினலோடு பக்கத்தில் ஒரு அரை ஸ்டாப் கூட்டியதும், ஒரு அரை ஸ்டாப் குறைத்ததும் சேர்த்து மூன்றாகப் போட்டால் இன்னும் நல்லது. பின்பக்கம் பென்சிலில் கெல்வின், டின்ட், எக்ஸ்போஷர் எண்களைக் குறித்து, கடை டியூப்லைட்டுக்கு அடியில் தீர்ப்புச் சொல்லாமல் மூன்றையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.