பெட்டி போய்விட்டது என்று யார் சொன்னது?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டிலிருந்து அழைத்தார்கள். "தம்பி, டிக்கோடர் செத்துப்போச்சு. வரும்போதே புதுசு ஒண்ணு கொண்டு வந்துருங்க. பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க." டிக்கோடர் என்றால் டிஷ் சிக்னலை டிவிக்குப் படமாக்கித் தரும் பெட்டி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறினேன். ஆன்ட்டி அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். முந்தைய நாளே வேறொரு ஆள் வந்து பார்த்துவிட்டு, "உள்ள போர்ட் எரிஞ்சிருச்சு, 380 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் சுவிட்சை அணைத்துவிட்டு, டிக்கோடருக்குப் பின்னால் இருக்கும் வயரைத் திருகிக் கழற்றினேன். நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் உள்ளங்கையில் விழுந்தது. ஆன்ட்டி பதறிப்போனார். "நான் அதுமேல தண்ணியே ஊத்தலையே தம்பி!" அவர் ஊற்றவில்லைதான். பின்கட்டில் துணி காயப்போடும் கம்பிக்கு வெளியே டிஷ் இருந்தது. அங்கே வயர் சேரும் இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு டேப் வெயிலில் வெடித்துவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, வயருக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் வழியாகவே ஊர்ந்து வரவேற்பறைக்கு வந்திருக்கிறது. டிஷ் உயரத்தில், டிக்கோடர் தாழ்வில். தண்ணீருக்கு வேறென்ன வேண்டும்? வயரை மாற்றினேன். பெட்டி நன்றாக இருந்தது. முறுக்கும் நன்றாக இருந்தது.

கோலாலம்பூரில் 17 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். "பெட்டி போச்சு" என்று கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் பெட்டியில் ஒன்றுமே இருக்காது. கோளாறு வயர் நுனியில் இருக்கும், பிளக்கில் இருக்கும், இல்லாவிட்டால் பேரப்பிள்ளை எதையோ அமுக்கியதில் இருக்கும். நாம் இதைக் கேபிள் டிவி என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தமிழ்நாட்டு மாதிரி தெருத் தெருவாகக் கேபிள் இழுத்த கதை இங்கே இல்லை. 1996-இல் ஆஸ்ட்ரோ என்ற செயற்கைக்கோள் டிவி வந்ததிலிருந்து நமக்கு டிஷ்தான். வயர் உங்கள் கூரையில் தொடங்கி உங்கள் டிவியில் முடிந்துவிடுகிறது. ஆகவே தேடவேண்டிய இடமும் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

படம் வரவில்லை என்றால் நான் முதலில் கேட்பது, திரையில் தெரியும் எழுத்து யாருடையது என்றுதான். 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் திரையில் மிதந்துகொண்டிருந்தால் அதைச் சொல்வது டிவி. பெட்டியிலிருந்து தனக்கு ஒன்றும் வரவில்லை என்கிறது, அவ்வளவுதான். பெட்டி அணைந்திருக்கலாம், பெட்டியையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ வயர் தளர்ந்திருக்கலாம், டிவி வேறொரு எச்டிஎம்ஐ துளையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதற்கும் டிஷுக்கும் சம்பந்தமே இல்லை. மாறாக, டிக்கோடர் ரிமோட்டில் மெனுவை அமுக்கியதும் பெட்டியின் மெனு அழகாக வந்து நின்றால், பெட்டி, எச்டிஎம்ஐ, டிவி மூன்றும் நலம். கோளாறு அதற்கு மேலே, வயரிலோ டிஷிலோ இருக்கிறது. இந்த ஒரு பொத்தான் பாதி வீட்டைத் தேடலிலிருந்து கழித்துவிடும். இதைச் செய்யாமல் ஃபேக்டரி ரீசெட்டை அமுக்குகிறவர்கள்தான் எனக்கு அதிகம் வேலை தருகிறார்கள். அதை அமுக்கினால் செட்டிங் எல்லாம் அழிந்துவிடும், சில பெட்டிகளில் பதிவுசெய்து வைத்த நிகழ்ச்சிகளும் சேர்ந்து போய்விடும்.

மெனுவே வரவில்லையா? ரிமோட்டைச் சந்தேகப்படுங்கள். கைப்பேசியின் முன்பக்க கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அமுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவில் ஊதா நிறத்தில் மின்னும். மின்னவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். புளூடூத்தில் வேலை செய்யும் புது ரிமோட்டுகளுக்கு இந்த வித்தை பலிக்காது.

பெட்டியில் விளக்கே எரியவில்லை என்றால் எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு நேராகச் சுவர் சுவிட்சில் செருகிப் பாருங்கள். நம் மூன்று முள் பிளக்குக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருந்தாலும் இப்படித்தான். அடாப்டர் என்றால் இன்னொரு கதை. சூடான இடம் என்றால் சிற்றெறும்புக்கு அவ்வளவு பிரியம். கெப்போங்கில் ஒரு வீட்டு அடாப்டரை மேசையில் தட்டினேன், எறும்பு முட்டையோடு ஒரு குடும்பமே வெளியே வந்தது. அடாப்டர் மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், முத்திரை எதுவும் இல்லாமல் விற்கும் அடாப்டரை வாங்காதீர்கள், தரச் சான்றான சிரிம் ஒட்டுத்தாள் இருக்கிறதா பாருங்கள்.

இனி வயருக்கு வருவோம். என் தொழிலின் பாதி அந்த நுனியில்தான் இருக்கிறது.

டிஷ் வயரைக் கழற்றுவதற்கு முன் டிக்கோடரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அந்த வயரில் படம் கீழே வருகிறது, கரண்ட் மேலே போகிறது. டிஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்கு டிக்கோடர்தான் 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. எந்த வோல்ட் போகிறதோ அதைப் பார்த்துத்தான் அந்தக் கண் எந்த வகை அலையைப் பிடிப்பது என்று முடிவுசெய்யும். "சில சேனல் வருது, சில சேனல் வரல" என்பார்கள். சந்தா பாக்கி இல்லாமலே இப்படி நடந்தால், வயர் கெட்டு வோல்ட் சரியாகப் போய்ச் சேரவில்லையோ என்று நான் பார்ப்பேன்.

கழற்றிய நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒற்றைக் கம்பி பளபளவென்று நிற்க வேண்டும், கனெக்டரின் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அது உள்வாங்கி இருந்தால் டிக்கோடரைத் தொடவே தொடாது. பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. சுற்றியுள்ள பின்னலிலிருந்து ஒரே ஒரு இழை, தலைமுடி மாதிரி, வளைந்துபோய் நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போச்சு, அது ஷார்ட். எத்தனையோ முறை அந்த ஓர் இழையைக் கிள்ளிப் போட்டதும் படம் வந்திருக்கிறது. திரும்ப மாட்டும்போது கையால் இறுகத் திருகினால் போதும். இடுக்கியைப் போட்டு முறுக்கி, டிக்கோடரின் துளையையே கழற்றிக் கையில் கொடுத்தவர்களும் உண்டு.

புதிதாக வயர் இழுப்பவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சுவருக்குள் நுழைவதற்கு முன்னால் வயர் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறி உள்ளே போக வேண்டும். வெளிப்புறமாக வழியும் மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். இதற்கு அரை மீட்டர் வயர்தான் கூடுதல். அதைக்கூட மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், சொன்னால் கோபம் வரும்.

மெனுவுக்குள் போனால் சிக்னலுக்கு இரண்டு பட்டைகள் தெரியும், ஒன்று வலிமை, மற்றது தரம். எல்லோரும் முதல் பட்டையைப் பார்த்து "சிக்னல் நல்லா இருக்கே" என்கிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவதை. வலிமை நிறைய இருந்து தரம் பூஜ்யம் என்றால் வயரும் கண்ணும் உயிரோடு இருக்கலாம், ஆனால் டிஷ் திசை மாறியிருக்கும். இரண்டுமே பூஜ்யம் என்றால் வயர் அறுந்ததா, கண் போனதா என்று பார்க்க வேண்டும்.

மழை பெய்யும்போது மட்டும் படம் போகிறதே என்று கேட்காத வீடு இல்லை. நமக்கு ஆஸ்ட்ரோ படத்தை அனுப்பும் மியாசாட் செயற்கைக்கோள்கள் நிற்பது இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, 91.5 பாகை கிழக்கில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கொட்டும் மழையின் துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். பேய்மழையில் பத்துப் பதினைந்து நிமிடம் போய்விட்டு வந்தால் அது கோளாறு இல்லை. தூறலுக்கே போனால்தான் யோசிக்க வேண்டும்: டிஷ் கொஞ்சம் அசைந்திருக்கும், அல்லது எங்கோ ஓர் இணைப்பில் ஈரம். கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அந்தச் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே, மேற்கே கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் நம் ஊர் டிஷ் எல்லாம் மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. பக்கத்து மரக்கிளை டிஷுக்கு மேலே வளர்ந்து வந்தாலும் படம் போகும், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று, மார்ச் பிற்பாதியிலும் செப்டம்பர் பிற்பாதியிலும் சில நாட்கள், மதியம் 2 மணிவாக்கில், வெயில் காயும்போதே சில நிமிடம் படம் போகும். அப்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது, அதன் இரைச்சலில் டிஷுக்கு ஒன்றும் கேட்பதில்லை. பேசாமல் ஒரு தேநீர் போட்டுக் குடியுங்கள், திரும்பி வந்துவிடும்.

இடி விஷயத்தில் மட்டும் இந்த அலட்சியம் வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர் என்று வந்துவிட்டால் சாயங்காலத்துக்குச் சாயங்காலம் இடி. பலர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். டிஷ் வயர் இன்னும் மாட்டியபடியே இருக்கும். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அதன் வழியாகவும் அடிக்கும். டிக்கோடர் போகும், அதனோடு எச்டிஎம்ஐ வழியாக டிவியும் போகும். வானம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்றுங்கள். இடி தொடங்கிய பிறகு வயரைத் தொடவே வேண்டாம், பெட்டி போனால் போகட்டும். அப்புறம், மழை விட்ட கையோடு டிஷைத் திருப்ப ஏணி போடும் அங்கிள்களே, ஈர ஓட்டில் ஜப்பான் சிலிப்பர் நிற்காது. நானே கயிறு கட்டாமல் ஏறுவதில்லை.

பெட்டியை எங்கே வைப்பது? காற்றோட்டமான இடத்தில். மேலே பின்னல் விரிப்பு, அதற்கு மேல் மணிபிளாண்ட் சாடி, பக்கத்தில் காமாட்சி விளக்கு என்று அலங்காரம் செய்த டிக்கோடர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மேல்மூடியில் இருக்கும் ஓட்டைகள் சூடு வெளியேறுவதற்காக. ஃபைபர் இணையத்தில் ஓடும் பெட்டி என்றால் டிஷ் கிடையாது. அதில் படம் நின்றால் முதலில் மோடத்தையும் ரௌட்டரையும் அணைத்துப் போட்டு, விளக்குகள் நிலைத்த பிறகு பெட்டியைப் போடுங்கள். மைஃப்ரீவியூ என்ற பெயரில் வந்த இலவச டிஜிட்டல் டிவிப் பெட்டி என்றால் வழக்கமான யுஎச்எஃப் ஆன்டெனாதான். 2019-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு பழைய டிவிக்கு அந்தப் பெட்டி இல்லாமல் டிவி2 தமிழ்ச் செய்திகூட வராது. தலைநகர் வட்டாரத்தில் ஆன்டெனாவைக் கெந்திங் பக்கமுள்ள உலு காலி மலையை நோக்கித் திருப்பி, சேனலை மறுபடி தேடச் சொல்லுங்கள்.

இப்போது புதுசாக ஒரு தொல்லை. "உங்கள் டிக்கோடர் காலாவதி, இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று கழுத்தில் ஏதோ ஓர் அட்டையைத் தொங்கவிட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களைத்தான் தேடி வருகிறார்கள். நீங்கள் புகார் செய்யாமல் டெக்னீஷியன் வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள். பில்லில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள், அவர் காட்டும் எண்ணுக்கு அல்ல. கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க ரகசிய எண்ணை (ஓடிபி) யார் கேட்டாலும் படித்துக் காட்டாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்படாமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.

"ஒரு தடவை காசு கட்டுங்க, வாழ்நாள் பூரா எல்லா சேனலும்" என்று விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளை மாட்டித்தரச் சொல்லியும் கேட்கிறார்கள். நான் மாட்டுவதில்லை. 2022-இல் திருத்திய மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டியை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பெட்டிக்குள் வேறென்ன ஏற்றி வைத்திருக்கிறார்களோ, அது உங்கள் வீட்டு வைஃபையில்தான் உட்கார்ந்திருக்கும்.

என்னையோ வேறு யாரையோ கூப்பிடுவதென்றால் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டியில் என்ன நிறத்தில் விளக்கு எரிகிறது, எல்லாச் சேனலும் போனதா சிலது மட்டுமா, மழைக்குப் பிறகு போனதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். போன வாரம் செந்தூல் ஆன்ட்டியே இப்படி ஒரு படம் அனுப்பினார், இந்த முறையும் "தம்பி, போச்சு" என்றுதான். திரையின் மூலையில் எச்டிஎம்ஐ 2 என்று இருந்தது. டிக்கோடரை நான் மாட்டியது 1-இல். டிவி ரிமோட்டில் எதை அமுக்க வேண்டும் என்று மாமாக் கடையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். தே தாரிக் ஆறுவதற்குள் அந்தப் பக்கம் நாடகத்தின் சத்தம் கேட்டது.