டாக்குமென்டேஷன்: ஆவணமா, உரையா?

கடலூரில் ‘டாக்குமென்ட்’ என்றால் பெரும்பாலோருக்கு நிலப் பத்திரம்தான் நினைவுக்கு வரும். சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய பலகைகளில் ‘ஆவண எழுத்தர்’ என்றிருக்கும். பேச்சில் அவர் டாக்குமென்ட் ரைட்டர். இந்தப் பழக்கத்தில் மென்பொருளோடு வரும் ‘டாக்குமென்டேஷன்’ என்ற சொல்லையும் ஆவணம், ஆவணமாக்கம், ஆவணப்படுத்தல் என்றே தமிழாக்கி வருகிறோம். பயனருக்காக எழுதும் விளக்கத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

லத்தீனில் ‘தொகேரெ’ என்றால் கற்பித்தல். அதிலிருந்து பிறந்த ‘தொகுமெந்தும்’ முதலில் பாடம், எடுத்துக்காட்டு என்ற பொருளில் வழங்கியது. ‘டாக்டர்’ என்பதற்கும் அதே வேர்தான். ஆசிரியர் என்பதே அதன் பழைய பொருள். எழுத்துச் சான்று, உரிமைப் பத்திரம் என்ற பொருள் பின்னால் வந்து மேலோங்கிவிட்டது.

நம் ‘ஆவண’த்துக்குச் சங்க இலக்கியத்தில் கடைத்தெரு என்ற பொருளும் உண்டு. ஓலைச் சான்று என்ற பொருளுக்குப் பெரியபுராணத்தின் சுந்தரர் கதையை விட நல்ல இடம் இல்லை. திருவெண்ணெய்நல்லூர் சபையில் முதியவர் மூல ஓலையைக் காட்டி, சுந்தரர் தனக்கு அடிமை என்று வழக்கை வெல்கிறார். (1993 வரை அந்த ஊரும், கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.) அந்த ஓலையின் வேலை நிரூபிப்பது. மென்பொருள் விளக்கத்தின் வேலை வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் ஒரு பொருளோடு வரும் குறிப்பை ‘மோத் தாம்ப்ளுவா’ என்பார்கள். பயன்படுத்தும் முறை என்று பொருள். அது இன்னும் நெருக்கமான சொல்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12 விழுக்காட்டில் இருந்த பல பொருள்கள் 5 விழுக்காட்டுக்கு இறங்கின. புதுச்சேரி நேரு வீதியில் கடை வைத்திருக்கும் ஒருவர், பில் போடும் மென்பொருளின் விளக்கத்தைத் திறக்கிறார். ‘வரி அமைப்பு: இங்கே வரியை அமைக்கலாம்’ என்று இருந்தால் அவருக்கு என்ன பயன்? அது திரையிலேயே தெரிகிறதே. அவர் தேடுவது வேறு. நூறு பொருளுக்கும் ஒரே நேரத்தில் விகிதத்தை மாற்ற வழி உண்டா? நேற்றுப் போட்ட பில் மாறிவிடுமா? வாடிக்கையாளர் பழைய பொருளைத் திருப்பிக் கொண்டுவந்தால் எந்த விகிதம்? சரியாக மாறியதா என்று எங்கே பார்ப்பது, தவறினால் எப்படித் திரும்புவது? இவற்றுக்குப் பதில் சொல்வதுதான் நல்ல விளக்கம். ‘வரி விகிதம் மாறினால் செய்ய வேண்டியவை’ என்று கடைக்காரர் கேட்கும் விதத்திலேயே தலைப்பும் இருக்க வேண்டும். முதல் படிக்கு முன்பே ‘பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியாக வேண்டும். ஏழாவது படியில் சொன்னால் அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

இப்படி எழுதுவதற்குத் தமிழில் பெயர் உண்டு: உரை. சூத்திரத்துக்குச் சுருக்கமாக எழுதும் விளக்கமான காண்டிகையுரைக்கு நன்னூல் கேட்பவை கருத்து, பதப்பொருள், உதாரணம், வினாவிடை. இந்த நான்கையும் ஒரு மென்பொருள் விளக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள். இந்த வசதி எதற்கு, திரையில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள், செய்து காட்டும் எடுத்துக்காட்டு, வழக்கமான சந்தேகங்கள். அதே நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். நிறுவும் முறையைப் பத்துப் பக்கம் படத்தோடு எழுதிவிட்டு, அறிக்கை எடுக்கும் பகுதிக்கு வரும்போது இரண்டே வரி. ‘மாறுகொளக் கூறல்’, அதாவது முரண்படச் சொல்வது, இன்னும் கொடியது. பட்டனின் பெயர் புதிய பதிப்பில் மாறியிருக்கும், விளக்கத்தில் பழைய பெயரே நிற்கும். படிப்பவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்வார்.

குறையை மறைக்காமல் சொல்வதும் உரையாசிரியர் கடமை. யூனிக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தபோதே, கட்டளைகளின் விளக்கத்தில் ‘பக்ஸ்’ என்று தெரிந்த குறைகளுக்கு ஒரு தலைப்பு வைத்திருந்தார்கள். இன்று நம் ஊர் மென்பொருள்களின் விளக்கங்களில் அப்படி ஒரு தலைப்பைக் காண்பது அரிது.

ஆக, பயனருக்கான டாக்குமென்டேஷனை விளக்கவுரை அல்லது பயன்பாட்டு விளக்கம் எனலாம். அதை ஒரே நூலாகத் தொகுத்தால் பயனர் கையேடு. ‘மேனுவல்’ என்பதும் கை என்று பொருள்படும் லத்தீன் ‘மனுஸ்’ வழி வந்ததால் கை, ஏடு இரண்டும் சேர்ந்த இந்தச் சொல் நன்றாகவே ஒட்டுகிறது. எழுதும் வேலையைக் குறிக்க ‘உரை எழுதுதல்’ போதும். உரிம ஒப்பந்தம், வடிவமைப்புப் பதிவு, சோதனை அறிக்கை போன்றவற்றுக்கு ‘ஆவணம்’ இருக்கட்டும். அங்கே நாளை யாரேனும் சான்று கேட்பார்கள்.