குடியும் மரபணுவும்: கல்லீரலில் ஒரு கடிவாளம்

குடிகாரரின் மகன் குடிகாரனாகத்தான் ஆவான் என்று நம் ஊரில் வாய்கூசாமல் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் அந்தப் பிள்ளையின் காதுபடவே. இது உண்மைதானா என்று பார்க்க டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகள் வழி செய்தன. பிறந்த சில வாரங்களிலேயே தத்துக் கொடுக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்த ஆண்களை அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு குட்வின் குழுவினர் ஆராய்ந்தார்கள். 1973இல் முடிவு வெளியானது. குடிநோயாளிக்குப் பிறந்த 55 பேரில் 10 பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அப்படிப்பட்ட பெற்றோர் இல்லாத 78 பேரில் 4 பேர் மட்டுமே. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த 55 பேரில் 45 பேர் தப்பிவிட்டார்கள் என்பதை ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை?

குடிநோய்க்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. போதை என்றதும் மூளையைத்தான் நினைக்கிறோம். மதுவைப் பொறுத்தவரை இதுவரை தெரிந்தவற்றில் மிக வலுவானவை கல்லீரலில் வேலை செய்பவை.

உள்ளே போன மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இது நச்சு. ஏஎல்டிஎச்2 என்ற நொதி உடனே இதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றிவிடும். கிழக்கு ஆசியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் நொதியில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் லைசின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த நொதி நான்கு துண்டுகள் சேர்ந்து வேலை செய்வது. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான பிரதி வந்தாலும், நான்கு துண்டுகளும் நல்லவையாக அமைவது 16இல் ஒன்றுதான். ஒரு பழுதான துண்டே மற்றவற்றையும் முடக்குவதால் நொதியின் திறன் பாதி அளவுக்கும் வெகுவாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு கோப்பை பீருக்கே முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும். குடிநோய்க்குத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை செயற்கையாகச் செய்வதும் இதையேதான். இந்தியர்களிடம் இந்த மாற்றம் மிக அரிது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிவாளம் இல்லை.

இருப்பவர்களையும் அது எப்போதும் தடுத்து நிறுத்துவதில்லை. ஜப்பானியக் குடிநோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1994இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்களில் ஒரு பழுதான பிரதி உள்ளவர்கள் 1979இல் 2.5 சதவீதம்; 1986இல் 8; 1992இல் 13. இரண்டு பிரதிகளும் பழுதானவர்கள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணுக்கள் மாறிவிடாது. வேலை முடிந்ததும் சக ஊழியர்களோடு குடித்தே ஆகவேண்டும் என்ற சூழலில், உடல் காட்டிய எதிர்ப்பை மீறிக் குடிக்கப் பழகிவிட்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

அந்தப் பழக்கம் அவர்களை இரட்டிப்பாக வதைக்கிறது. வெளியேறாமல் தங்கும் அசிட்டால்டிஹைடு மரபணுச் சரடுகளையே சேதப்படுத்துவதால், அவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது. ஆண்டுகள் போகப் போக முகம் சிவப்பதும் குறைந்துவிடும். அதனால் ஆபத்தில் உள்ளவர்களைக் கண்டறிய ஜப்பானிய மருத்துவர்கள் உருவாக்கிய வினாத்தாளில் இரண்டு கேள்விகள்: ஒரு கோப்பை பீர் குடித்தால் இப்போது முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் சிவந்ததா?